பொன்னுரங்கம் வேண்டாம் என்ற வண்டி

சந்தேகப்படுவதையே தொழிலாகக் கொண்ட ஒருவனுக்குத் தன் சந்தேகத்தின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டால், அவன் என்ன செய்வான்? மந்தைவெளி பொன்னுரங்கத்தின் வாழ்க்கையை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கேள்விதான் முன்னால் வந்து நிற்கிறது. விடை கிடைத்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். அவரைப் பெரிய மனிதர் என்றும் சொல்ல மாட்டேன். பழைய மோட்டார் சைக்கிள் வாங்கப் போகிறவர்களோடு கூடப் போய், வண்டியைப் பார்த்து, 'எடுக்கலாம்' என்றோ 'வேணாம்' என்றோ ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் திரும்புகிறவர். அதற்கு ஒரு கூலி. அவ்வளவுதான் அவர் தொழில்.

ஆனால் அறுபதுகளின் கடைசியில் மயிலாப்பூர், மந்தைவெளி, தியாகராய நகர், அடையாறு வட்டாரத்தில் அந்த ஒரு வார்த்தை இல்லாமல், இங்கிலாந்திலிருந்து வந்த பழைய பி.எஸ்.ஏ. வண்டி கைமாறுவது அபூர்வம். இறக்குமதி எப்போதோ நின்றுபோயிருந்தது. ஊருக்குள் முன்பே வந்து சேர்ந்த வண்டிகள்தான் திரும்பத் திரும்ப விற்கப்பட்டன. உதிரி பாகங்கள் கிடைக்காது. ஆகவே ஒரு வண்டி உயிரோடு இருக்க வேண்டுமானால் இன்னொரு வண்டி எங்கேயோ சாக வேண்டும். ஒவ்வொரு முறை கைமாறும்போதும் உள்ளே எதுவோ மாறியிருக்கும். எது என்பதுதான் கேள்வி.

இதனால் ஒரு வழக்கம் உண்டாயிற்று. வண்டியை ரிப்பேருக்கு விட்டவர் வீட்டுக்குப் போக மாட்டார். பட்டறையில் அதற்கென்றே ஒரு ஸ்டூல் கிடக்கும். அதில் உட்கார்ந்து, கழற்றியது முதல் மாட்டுவது வரை கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பார். தீப்பொறி தரும் மாக்னெட்டோ, கார்புரேட்டர் போன்ற விலை உயர்ந்த சாமான்களில் மாற்றினால் கண்டுபிடிக்க, அரத்தால் ரகசியமாக ஒரு கீறல் போட்டு வைத்திருப்பார். ஒரு முறை வடக்கு மாட வீதிப் பஞ்சாபகேசன் என்பவர், பென்ஷன்காரர், காலையிலிருந்து ஸ்டூலைவிட்டு எழவில்லை. மெக்கானிக் பொறுக்க முடியாமல் கேட்டான்:

"சார், சாப்ட்டு வாங்களேன். எதுக்கு வவுத்தக் காயப்போட்டுக்கினு குந்திக்கினு கீறீங்க? நான் இன்னா உங்க இஞ்சினத் தூக்கிக்கினு ஓடிடுவனா?"

"ஆத்துல எனக்கு ஒரு வேலையும் இல்லடா. நீ பாட்டுக்குப் பண்ணிண்டிரு, நான் பாட்டுக்குப் பாத்துண்டிருக்கேன். எனக்குப் பொழுது போறது, உனக்கு வேலை சுத்தமா நடக்கறது."

இதில் யாருக்கும் யார் மேலும் கோபம் இல்லை. திருட்டு நடப்பதற்கு முன்பே திருடனாக நடத்தப்படுவதை மெக்கானிக்குகள் தொழிலின் ஒரு பகுதியாக ஏற்றுக்கொண்டிருந்தார்கள். இது நல்லதா என்று எனக்குத் தெரியவில்லை. ஒருவரையொருவர் நம்பாமலேயே ஒரு ஊர் ஒழுங்காக நடக்க முடியும் என்பதற்கு இது ஒரு சாட்சி. அதற்கு மேல் இதைப் பாராட்ட எனக்கு மனம் வரவில்லை.

பொன்னுரங்கம் ஒல்லியான மனிதர். காலர் வெளுத்த காக்கிச் சட்டை. வண்டி விற்பவர் வீட்டுக்குப் போனதும் வணக்கம் சொல்வதற்கு முன்பே இஞ்சின் மேல் உள்ளங்கையை வைப்பார். சூடாக இருந்தால் அங்கேயே திரும்பிவிடுவார். "சுட வெச்சு எடுத்துக்கினு வந்துகீறான். காலைல அது எப்டி இருமும்னு நாம கேட்றக் கூடாதாம்." ஜில்லென்று இருந்தால் மட்டுமே மேற்கொண்டு பார்ப்பது. கியர் பெட்டியின் மூடியைத் திறந்து மோந்து பார்ப்பார். தேய்ந்துபோன பல் சக்கரங்களின் சத்தத்தை அடக்க வாழைப்பழத்தைப் பிசைந்து உள்ளே போடுகிறவர்கள் இருந்தார்கள்.

ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு பொய் உண்டு என்பது அவர் கருத்து. யுத்தத்துக்காக வந்து, பிறகு ஏலத்தில் போன எம் 20 வயதை மறைக்கும். கறுப்புப் பெயிண்டை நகத்தால் சுரண்டினால் அடியில் பட்டாளத்துப் பச்சை எட்டிப் பார்க்கும். பி 31-ம் பி 33-ம் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். ஆனால் ஒன்று முந்நூற்றைம்பது சி.சி., மற்றது ஐந்நூறு. ஆகவே சின்னது பெரியதாக நடிக்கும். இரண்டு சிலிண்டர் ஏ 7, தன்னை ஏ 10 என்று சொல்லிக்கொண்டு வரும். குட்டி வண்டியான பான்டத்தை மட்டும் அவர் நம்பினார். அவரே ஓட்டியதும் அதுதான், இந்தத் தொழிலுக்கு வரும் முன்பே வாங்கியது. "அதுக்கு யாரு மாதிரி வேசம் கட்டத் தெரியும்? அது மாதிரி வேசம் கட்ட அதுக்குக் கீழ வேற வண்டியும் இல்ல" என்பார். எல்லாவற்றுக்கும் மேலே கோல்டு ஸ்டார். பந்தயத்துக்காகவே செய்த ஐந்நூறு சி.சி. வண்டி. இரும்புக்குப் பதிலாக அலுமினியத்தில் வார்த்த சிலிண்டர். சென்னையில் உண்மையான கோல்டு ஸ்டார்கள் சிலவே இருந்தன. கோல்டு ஸ்டார் என்று சொல்லப்பட்டவை பல. பாதி வண்டிகள் பி 33-ஆகப் பிறந்து, வெள்ளிப் பெயிண்ட் பூசிக்கொண்டவை.

அவர் வார்த்தைக்கு மதிப்பு வந்தது அறிவினால் அல்ல என்றே நினைக்கிறேன். அவரளவுக்கு வண்டி தெரிந்தவர்கள் ராயப்பேட்டையில் தெருவுக்கு ஒருவர் இருந்தார்கள். அவர் தவறியதும் உண்டு. நல்ல வண்டிகளை வேண்டாம் என்று தள்ளியிருக்கிறார். ஆனால் அவர் புரோக்கர்களிடம் கைநீட்ட மாட்டார். விற்பவர் வீட்டில் காபி குடிக்க மாட்டார். முக்கியமாக, தனக்கென்று ஒருபோதும் வண்டி வாங்கி விற்க மாட்டார். 'வண்டி பாக்கறவன் வண்டி வாங்கக் கூடாது' என்பது அவர் வாயால் லஸ் முனை டீக்கடையில் பலரும் கேட்ட வாக்கியம். வேண்டாம் என்று சொல்லி விலையை இறக்கிவிட்டு, ஆளை வைத்துத் தானே வாங்கிக்கொள்ளும் தந்திரம் அந்தத் தொழிலில் சாதாரணம். அவர் அதைச் செய்யவில்லை. அதனால் அவர் 'வேணாம்' என்றால் அது வெறும் 'வேணாம்' மட்டுமே. அந்த வார்த்தையைத் தவிர அவரிடம் வேறு முதல் இல்லை.

வீட்டிலும் இதே குணம்தான். அவர் மனைவி தேவானை பக்கத்து வீட்டாரிடம் சொல்வதுண்டு: "கத்திரிக்காய ஒண்ணொண்ணா தூக்கி வெயில்ல பாப்பாரு. பால்காரன் எதுருக்கவே பால மோந்து பாப்பாரு. பொண்ணு பாக்க வந்தன்னிக்கு என்னக் கிக்கர் ஒதச்சுப் பாக்காதது ஒண்ணுதான் பாக்கி."

இனி வலியுல்லாவைச் சொல்ல வேண்டும். யுத்த காலத்தில் பரங்கிமலைப் பட்டாளப் பட்டறையில் எம் 20 வண்டிகளைக் கழற்றி மாட்டப் பழகியவர்கள் இருவரும். யுத்தம் முடிந்ததும் கூட்டாக ராயப்பேட்டையில் ஒரு கொட்டகை போட்டார்கள். முதல் முதலாக ஏலத்தில் எடுத்த எம் 20-ஐத் திறந்து பார்த்தால் இஞ்சினுக்குள் பிஸ்டனே இல்லை. அன்று இருவரும் தரையில் உட்கார்ந்து வெகு நேரம் சிரித்தார்கள் என்று கேள்வி. அந்த நட்பு பல வருஷம் நீடித்தது. பிறகு ஒரு நாள், வாடிக்கைக்காரர் ஒருவரின் மாக்னெட்டோ பட்டறையிலிருந்து காணாமல் போயிற்று. அன்று ஸ்டூலில் யாரும் இல்லை. கொட்டகையில் இருந்தவர்கள் இவர்கள் இரண்டு பேர்தான். 'நீ எடுத்தாயா' என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. இருவரும் சேர்ந்து பணம் போட்டு வாடிக்கைக்காரருக்கு வேறொன்று வாங்கிக் கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் பொன்னுரங்கம் தனியே வந்து, வண்டி பார்க்கும் தொழிலைத் தொடங்கினார். வலியுல்லா கொட்டகையை வைத்துக்கொண்டார். வழியில் பார்த்தால் பேசிக்கொள்வார்கள். கேட்கப்படாத கேள்விக்கு ஆயுள் அதிகம்.

எழுபத்தொன்றாம் வருஷம் அந்தக் கோல்டு ஸ்டார் வந்தது. ஊரைவிட்டுப் போகும் ஒரு தேயிலைக் கம்பெனி அதிகாரியிடமிருந்து வலியுல்லா அதை வாங்கினார். கையிலிருந்ததையும் மனைவி ஜைதூன் பீயின் நகையையும் அதில் போட்டு, பொறுமையாகக் கழற்றி மாட்டி முடித்தார். வாங்க வந்தவர் தியாகராய நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த கணேசமூர்த்தி. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தன் அக்கா மகன் ஜவஹருக்கு மகளைக் கொடுக்கப் போகிறார். மாப்பிள்ளை கேட்ட ஒரே பொருள் கோல்டு ஸ்டார்.

அவர் பொன்னுரங்கத்தைத் தேடி வந்து சொன்னார்: "மேஸ்திரி, துணின்னா ரெண்டு விரல்ல தேய்ச்சுப் பாத்து எந்த மில்லுன்னு சொல்லிருவேன். இது இரும்பு. நீரு சொல்லும். பயல் ஒத்தக் கால்ல நிக்கான். ஏமாந்தேன்னு வைங்க, காலம் பூரா எங்க அக்கா சொல்லிக் காட்டுவா."

"யாராண்ட வண்டி?" என்று கேட்டார் பொன்னுரங்கம்.

"ராயப்பேட்டை வலியுல்லா பாய்."

பொன்னுரங்கம் வேறு ஆளைப் பார்க்கச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மறுநாள் காலை இருவரும் கொட்டகைக்குப் போனார்கள். வலியுல்லா பீடியைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார்.

"வாப்பா பொன்னு. கைய வெச்சுப் பாரு. ஐஸு மாதிரி கீது. நீ வருவேன்னு தெரிஞ்சு நேத்துலேர்ந்து கிக்கர்ல காலு வெக்கல."

இது நட்பாகச் சொன்ன வார்த்தையாக இருக்கலாம். ஆனால் சந்தேகத்துக்கு ஒரு குணம் உண்டு. அதற்கு எதைப் போட்டாலும் தின்றுவிடும். கேட்பதற்கு முன்பே பதில் சொல்கிறவன் எதற்காகச் சொல்கிறான் என்று பொன்னுரங்கம் நினைத்ததாகப் பின்னால் தேவானையிடம் சொல்லியிருக்கிறார்.

சட்டைப் பையிலிருந்து காந்தத்தை எடுத்து சிலிண்டரில் வைத்தார். ஒட்டவில்லை. அலுமினியம்தான்.

"இன்னாப்பா, காந்தம் கோச்சுக்கினு வந்துச்சா?" என்றார் வலியுல்லா.

பொன்னுரங்கம் சிரிக்கவில்லை. வண்டியை உதைத்து ஓடவிட்டார். கோல்டு ஸ்டார் நின்ற இடத்தில் சீராக ஓடாது. முறுக்கினால்தான் அதற்குப் பேச்சு வரும். இதுவும் அப்படியே ஓடியது. சத்தத்தில் குற்றமில்லை. பிறகு மண்ணெண்ணெய்த் துணியால் இஞ்சின் எண்ணைத் துடைத்தார். குனிந்து பார்த்தார். ஆர்.சி. புத்தகத்தில் இருந்த அதே எண்தான். ஆனால் ஒரு இலக்கம் கொஞ்சம் கீழே இறங்கி இருந்தது. இன்னொன்று ஆழமாக விழுந்திருந்தது. கையால், ஒவ்வொரு இலக்கமாக, சுத்தியல் வைத்துக் குத்திய எண்.

"இத யாரு குத்துனது?"

"எனக்கு இன்னா தெரியும்? நான் வாங்கசொல்லவே அப்டித்தான் இருந்துச்சு. புக்குல கீற நம்பருதானே அதுலயும் கீது?"

"அதான் கேக்கறேன்."

வலியுல்லா முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. "கேளு. நல்லா கேளு. இப்பனாச்சும் கேக்கறியே."

சுவரோரத்துப் பலகையில் எண் குத்தும் பஞ்ச் பெட்டி இருந்தது. எல்லாப் பட்டறையிலும் அது இருக்கும். பொன்னுரங்கம் அதை ஒரு முறை பார்த்துவிட்டு வெளியே வந்தார். தெருவில் கணேசமூர்த்தியிடம், "வேணாம்" என்றார்.

"எதுனால மேஸ்திரி? சத்தம் நல்லாத்தான இருந்துச்சு."

வழக்கமாக அவர் காரணம் சொல்வதில்லை. அன்று சொன்னார். "நம்பரு கையால குத்துனது. அடியில பி 33 இஞ்சின் கேஸ, அதான் நம்பரு கீற அடிக்கூட்ட வெச்சு, மேல கோல்டு ஸ்டார் சிலிண்டர ஏத்தி இருக்கலாம்."

இருக்கலாம் என்றுதான் சொன்னார். ஆனால் அந்தச் சொல் அதிக தூரம் நடக்கும் சொல் அல்ல. ராயப்பேட்டையிலிருந்து லஸ் முனைக்கு வருவதற்குள் அது வழியில் உதிர்ந்துவிட்டது. சாயங்காலம் டீக்கடையில் புரோக்கர்கள் பேசிக்கொண்டது இதுதான்: வலியுல்லா கள்ள நம்பர் குத்துகிறான். பொன்னுரங்கமே சொல்லிவிட்டார்.

பிறகு நடந்ததை ஊகிப்பது கடினம் இல்லை. வலியுல்லாவிடம் வண்டி விட்டிருந்தவர்கள் வேலை பாதியில் இருக்கும்போதே வந்து தள்ளிக்கொண்டு போனார்கள். வந்த ஒன்றிரண்டு பேரும் ஸ்டூலில் தனியே உட்காராமல் துணைக்கு ஒரு ஆளையும் கூட்டி வந்தார்கள். கோல்டு ஸ்டாரைப் பார்க்க யாரும் வரவில்லை. அது கொட்டகையின் நடுவில் சாக்குப் போர்த்தி நின்றது.

ஒரு நாள் ஜைதூன் பீ மந்தைவெளிக்கு வந்தாள். தேவானை பாய் விரித்தாள். அவள் உட்காரவில்லை.

"அண்ணே, நான் சண்டைக்கு வரல. ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கினு போயிர்றேன். அவரு நம்பரு குத்துனத நீ பாத்தியா?"

"பாக்கல."

"பாக்காதத எப்டி சொன்னே?"

"அவரு குத்துனாருன்னு நான் சொல்லவே இல்லியேம்மா."

"நீ சொல்லல. ஊரே கேட்டுடிச்சு." அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். "அந்த மாக்னெட்டோவும் இவருதான் எடுத்தாருன்னு இத்தினி வருசமா மனசுல வெச்சுக்கினு கீறே, இல்ல?"

பொன்னுரங்கம் சட்டைப் பையிலிருந்த காந்தத்தை எடுத்து, திரும்ப உள்ளே போட்டார்.

"அவரு, நீ எடுத்தேன்னு நெனச்சுக்கினு கீறாரு. ஆனா இன்னிவரிக்கும் ஒரு ஆளாண்ட வாயத் தொறந்தது கெடயாது. எங்கிட்டக் கூட ஒரு வாட்டி ஜொரத்துலதான் ஒளறுனாரு."

அவள் போன பிறகு தேவானை கணவனைப் பார்த்தாள். "நீ எடுத்தியா?" என்று கேட்டாள். "இல்ல" என்றார். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. அவருக்குப் போதவில்லை. தான் எடுக்கவில்லை என்பது அவருக்கு நிச்சயமாகத் தெரியும். அதிலிருந்து வலியுல்லா எடுத்தார் என்பது தானாக வந்துவிடுகிறது என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தார். அந்தக் கொட்டகைக்குக் கதவு இருந்ததா, அது பூட்டப்பட்டிருந்ததா என்பதை இப்போது யோசித்தால் அவருக்கு நினைவில்லை.

சில வாரம் கழித்து ஆழ்வார்ப்பேட்டையில் ஒரு பி 31-ஐப் பார்க்கப் போனார். வண்டிக்காரர் எத்திராஜுலு நாயுடு. மவுண்ட் ரோடில் இறக்குமதி மோட்டார் சைக்கிள் விற்ற ஒரு கம்பெனியில் உதிரி பாகங்களின் பொறுப்பில் இருந்து ஓய்வு பெற்றவர். பொன்னுரங்கம் எண்ணைத் துடைத்துப் பார்த்தார். அதே மாதிரி ஏறி இறங்கிய இலக்கங்கள். நிமிர்ந்து நாயுடுவைப் பார்த்தார்.

"இது கையால குத்துனது."

"ஆமா. நான்தான் குத்தினேன்" என்றார் நாயுடு, சாதாரணமாக.

"எதுக்கு?"

"கேஸ் ஒடைஞ்சு போச்சு, நைனா. ஒடைஞ்சா சீமையிலேர்ந்து புது கேஸ் வரும். மொட்டையா வரும், நம்பர் இருக்காது. புக்குல இருக்கற பழைய நம்பர நாங்களே குத்திக் குடுப்போம்."

"கையாலயா?"

"பின்ன, கால்லயா குத்த முடியும்?"

"கோல்டு ஸ்டாருக்கும் இப்டி வருமா?"

"அதுக்குத்தான் நெறைய வந்துச்சு. சோழவரத்துல ரேஸ் விடறேன்னு முறுக்கோ முறுக்குன்னு முறுக்குவானுங்க. ராடு கேஸைப் பொத்துக்கினு வெளிய வந்துரும்."

பொன்னுரங்கம் கையைத் துணியில் துடைத்தார். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தார். "நீங்க குத்துன நம்பரு, பாத்தா உங்களுக்கு அடையாளம் தெரியுமா?"

"என் கையெழுத்தா அது? சுத்தியால அடிச்சது, நைனா. அன்னிக்குக் காலைல காபி நல்லா இருந்தா நேரா விழும்."

புகை இருக்கும் இடத்தில் நெருப்பு இருக்கும் என்று தர்க்கம் படிக்கிறவர்களுக்கு முதலில் சொல்லிக் கொடுப்பார்கள். அடுத்ததாகச் சொல்வது, பனிமூட்டமும் தூரத்திலிருந்து புகை மாதிரியே தெரியும் என்பது. முதல் பாடத்தை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். பொன்னுரங்கம் ஆயிரம் வண்டிகள் பார்த்தவராக இருக்கலாம். ஆனால் அவர் பார்த்தவை எல்லாம் பழைய வண்டிகள், அவற்றை விற்க வந்தவர்கள். புது உதிரி பாகம் பெட்டியிலிருந்து வெளியே வரும்போது எப்படி இருக்கும் என்று பார்க்கும் சந்தர்ப்பம் அவருக்கு வாய்க்கவில்லை. கையால் குத்திய எண் என்றால் கள்ளத்தனம் என்பது அவர் உலகத்துக்குள் சரி. அந்த உலகம் கொஞ்சம் சின்னது.

ஆனாலும் தான் தவறு செய்துவிட்டதாக அவரால் சொல்ல முடியாது. அந்தக் குறிப்பிட்ட வண்டியின் எண்ணை நாயுடு மாதிரி ஒருவர் குத்தினாரா, வலியுல்லா குத்தினாரா என்பது அவருக்கு இன்னும் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. லஸ் முனையில் போய் நின்று 'நான் சொன்னது தப்பு' என்றால் அது பொய்யாக இருக்கலாம். பேசாமல் இருந்தால் வலியுல்லா அழிவார். 'எனக்குத் தெரியாது' என்று சொல்லலாம். அது ஒன்றுதான் உண்மை. ஆனால் தெரியாது என்று சொல்ல யாராவது ஒரு மனிதருக்குக் கூலி கொடுப்பார்களா?

அந்த நாட்களில் அவர் வண்டி பார்க்கும்போது வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார் என்று சொல்கிறார்கள். பார்த்த வண்டியையே திரும்பிப் போய் இன்னொரு தடவை பார்த்தார். கூட வந்தவர்கள் சலித்துக்கொண்டார்கள். வீட்டில் பாலை மோந்து பார்ப்பதை நிறுத்திவிட்டார். தேவானைக்கு அதுதான் பயமாக இருந்தது.

அப்போது செய்தி ஒன்று வந்தது. வலியுல்லா கொட்டகையைக் காலி செய்துவிட்டு ஆம்பூரில் தன் தம்பியின் தோல் மண்டிக்குப் போகப் போகிறார். கோல்டு ஸ்டாரை முழுசாக விற்க முடியாததால் பிரித்து விற்கப் போகிறார். சிலிண்டர் பெங்களூர்க்காரர் ஒருவருக்கு, கியர் பெட்டி வேறொருவருக்கு. கேஸை வாங்க ஆள் இல்லை, எடைக்குப் போகும்.

அடுத்து பொன்னுரங்கம் செய்ததைப் பற்றி ஊர் பல விதமாகப் பேசியது. ஆரம்பத்திலிருந்தே அது நல்ல வண்டி என்று அவருக்குத் தெரியும், வேண்டாம் என்று சொல்லி விலையைச் சரித்து வைத்துக்கொண்டார் என்றார்கள் புரோக்கர்கள். கணேசமூர்த்தி தன் கடையில் வருகிறவர் போகிறவரிடம் எல்லாம், "நம்மளத் தூக்கிச் சாப்ட்டுட்டாம்வே. ஆளப் பாத்தா எலும்பும் தோலுமா இருக்கான், வயிறு எவ்வளவு பெருசு பாத்தீரா" என்றார். பழைய கூட்டாளிகள் இருவரும் முதலிலிருந்தே சேர்ந்து நாடகம் ஆடினார்கள் என்று சொன்னவர்களும் உண்டு. பாவத்தைக் கழுவினார் என்று சிலர் சொன்னது எனக்குத் திருப்தியாக இல்லை. அது பாவமா என்பதே தெரியாதபோது எதைக் கழுவுவது? அது தியாகம் என்று ஒரே ஒருவர் சொன்னார். தியாகமும் பிடிவாதமும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டிருக்கும். ஆகவே அதையும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. நடந்தது இவ்வளவுதான்.

கொட்டிவாக்கத்தில் சவுக்குத் தோப்பை ஒட்டி அவர் தேவானை பேரில் ஒரு மணல் மனை வாங்கிப் போட்டிருந்தார். அதை விற்றார். தேவானையிடம் கைநாட்டு மட்டும் கேட்டார், காரணம் சொல்லவில்லை. பிறகு ஒரு நாள் காலை ராயப்பேட்டைக்கு நடந்தே போனார். வலியுல்லா கொட்டகையில் ஸ்பேனர்களை எண்ணெய்த் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார். கோல்டு ஸ்டாரின் சாக்கு எடுக்கப்பட்டிருந்தது. இன்னும் பிரிக்கத் தொடங்கவில்லை.

"இன்னா, மறுபடியும் பாக்கணுமா?" என்றார் வலியுல்லா.

"பாக்க வரல. வண்டி எனக்கு வேணும்."

வலியுல்லா ஸ்பேனரைக் கீழே வைத்தார். "நீயா? வேணாம்னு சொல்லி எறக்கிட்டு, இப்போ வாரிக்கினு போவலாம்னு வந்தியா?"

"ஜவுளிக்கடைக்காரராண்ட இன்னா வெல சொன்னியோ, அதே வெல."

"பேரம்?"

"இல்ல."

"அப்ப நீ சொன்னது தப்பு. அத்தச் சொல்லு."

பொன்னுரங்கம் சட்டைப் பையிலிருந்து பணத்தை எடுத்தார்.

"சரி, நீ சொன்னது கரெட்டு. நான்தான் குத்துனேன்னு நெனைக்கிறே. அப்ப கள்ள வண்டிய எதுக்கு இந்த வெலக்கி வாங்கறே? ரெண்டுல ஒண்ணு சொல்லிட்டு எடுத்துக்கினு போ."

உள்ளே திரைச்சீலைக்குப் பின்னால் ஜைதூன் பீ பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. பொன்னுரங்கம் மடித்து வைத்திருந்த பணத்தைப் பலகையில் வைத்தார். இஞ்சின் மேல் கை வைக்கவில்லை. எண் இருந்த பக்கம் குனியவில்லை. வலியுல்லா அவரை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையிலும் சந்தேகம்தான் இருந்திருக்கும். வேறு எதைப் பழகினார்கள் அவர்கள்? கடைசியில் ஆர்.சி. புத்தகத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

ராயப்பேட்டையிலிருந்து மந்தைவெளிக்கு ஆள் நடமாட்டம் இல்லாத சந்துகள் வழியாகவும் போகலாம். பொன்னுரங்கம் பெரிய சாலையில் போனார். புரோக்கர்கள் எல்லோரும் கூடும் நேரம் அது. லஸ் முனையில் டீக்கடைக்கு நேர் எதிரே, எல்லோருக்கும் தெரியும்படி வண்டியை நிறுத்தி ஸ்டாண்டு போட்டார். 'வண்டி பாக்கறவன் வண்டி வாங்கக் கூடாது' என்று அவர் சொல்லக் கேட்டவர்கள்தான் அங்கே இருந்த எல்லோரும்.

"அண்ணாத்தே," என்றான் ஒருவன், "நீ வேணாம்னு சொன்ன வண்டிதானே இது?"

"ஆமா."

"யாருக்கு வாங்கிக்கினு போறே?"

"எனக்குத்தான்" என்று சொல்லிவிட்டு, அவர் ஒரு டீ கேட்டார்.